பழியில் என் பங்கு

பணிபுரியும் அன்பர்கள் பலர், சொற்பொழிவு முடிந்த பின் தயங்கித் தயங்கி அருகில் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சுவாமிஜி, இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை நான் ஒருவனே செய்கிறேன். நூறு காரியங்களைச் சரியாக முடிக்கிறேன். அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒன்றில் பிழை நேர்ந்தால், பத்துப் பேர் முன்னிலையில் என்னைக் குற்றவாளியாக நிறுத்துகிறார்கள். இதை எப்படித் தாங்குவது?”

‘பொறுத்துக் கொள்ளுங்கள்’ என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் கூறிவிடலாம். ஆனால் கேட்டவரின் புண் அதனால் ஆறாது. ஏனெனில் அவர் பொறுமையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நியாயத்தைப் பற்றியும் கேட்கிறார். ‘நடந்த பிழைக்கு உண்மையில் நான் எவ்வளவு பொறுப்பு?’ என்பதே அவர் உள்ளத்தைக் குடையும் கேள்வி. அதற்கு நேரான விடை கிடைக்காதவரை மனம் அமைதி அடைவதில்லை.

நமது சாஸ்திரங்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. செயல் என்பது எவ்வாறு நிகழ்கிறது, அதில் ஒருவனின் பங்கு எவ்வளவு என்பதை அவை மிக நுட்பமாக ஆராய்ந்துள்ளன. அந்த ஆராய்ச்சியின் துணைகொண்டு இதைச் சற்றுச் சிந்திப்போம்.

கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர்கள்

நாடு முழுவதும் அறிந்த உதாரணம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். 2016 நவம்பர் 8 அன்று இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 சதவீதம் அந்த இரண்டு வகை நோட்டுகளாகவே இருந்தது. எண்ணிக்கையில் சுமார் 2,400 கோடித் தாள்கள். இவற்றைப் பொதுமக்கள் வங்கிகளில் செலுத்த அளிக்கப்பட்ட காலம் டிசம்பர் 30 வரை மட்டுமே.

நவம்பர் 10 அன்று கதவுகள் திறந்தபோது, வங்கிக் கிளைகளின் முன் வரிசைகள் தெருமுனையைத் தாண்டி நின்றன. அந்த வாரத்தின் சனி, ஞாயிறு இரு நாட்களும் வங்கிகள் இயங்கின. விதிகளும் நாளுக்கு நாள் மாறின. ஒருவர் மாற்றிக் கொள்ளக்கூடிய தொகை முதலில் 4,000 ரூபாயாக இருந்தது. பிறகு 4,500 ஆயிற்று. சில நாட்களில் 2,000 ஆகக் குறைந்தது. நவம்பர் 24-க்குப் பின் வங்கிகளில் நோட்டு மாற்றித் தருவதே நிறுத்தப்பட்டது. வரிசையில் நின்றவர்களின் கோபத்தையும் கண்ணீரையும் நேருக்கு நேர் சந்தித்தவர், அந்த விதிகளில் ஒன்றையும் வகுக்காத காசாளர்.

மாலையில் இருப்புக் கணக்கைச் சரிபார்க்கும்போது பணம் குறைந்தால், காசாளரே அதை ஈடுகட்ட வேண்டும் என்பது வங்கிகளின் வழக்கம். கள்ள நோட்டு ஒன்றைக் கவனியாமல் வாங்கியிருந்தாலும் சுமை அவர் தலையில்தான். அந்த நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் காசாளர்கள் பணக்குறைவைத் தம் கைப்பணத்தைக் கொண்டு நிரப்ப நேர்ந்தது. காலையிலிருந்து தலை நிமிராமல் எண்ணிய விரல்கள் எங்கோ ஓரிடத்தில் ஒரு தாளைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டன. கணக்கில் குறைந்தது ஒரு நோட்டு. அதைவிட, ‘கவனக்குறைவானவர்’ என்ற பெயர் அவரை அதிகமாக வருத்தியிருக்கும்.

மருத்துவமனையில் இரவுப் பணியில் பல நோயாளிகளைத் தனியாகக் கவனிக்கும் செவிலியர், வகுப்புகளோடு தேர்தல் பணியையும் கணக்கெடுப்பையும் சுமக்கும் ஆசிரியை, மாத இறுதியில் கணக்கு முடிக்கும் எழுத்தர் ஆகியோரின் நிலையும் இதுவே. இடம் வேறு, வேதனை ஒன்று.

இரண்டு எதிர்வினைகள், ஒரே வேர்

பழி வந்து விழும்போது மனித மனம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் ஓடுகிறது.

சிலர், ‘என் மீது தவறே இல்லை, வேலையைக் குவித்தவர்களே காரணம்’ என்று கொதிக்கிறார்கள். வேறு சிலர், ‘எல்லாம் என்னால்தான். நான் எதற்கும் தகுதியற்றவன்’ என்று தமக்குள்ளேயே குமைகிறார்கள். முதல் வகையினர் ஆணவம் மிக்கவர்கள் என்றும், இரண்டாம் வகையினர் பணிவு மிக்கவர்கள் என்றும் நாம் எண்ணுகிறோம். சற்று ஆழ்ந்து நோக்கினால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது விளங்கும்.

‘எல்லாம் என்னால்தான் கெட்டது’ என்பவர், ‘எல்லாம் என்னால்தான் நடக்கிறது’ என்று முன்பே நம்பியிருக்கிறார். ‘என்னால் எதுவுமே கெடவில்லை’ என்பவரோ, ‘நான்’ என்ற உருவத்தின் மேல் ஒரு கீறலும் விழக்கூடாது என்று அஞ்சுகிறார். இருவருமே நடந்த நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை. தம்மையே பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே அகங்காரத்தின் வேடங்கள். ஒன்று உரத்துப் பேசுகிறது, மற்றொன்று முணுமுணுக்கிறது.

உண்மையான பணிவு இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்டது. தன் பங்கை உள்ளது உள்ளபடி, கூட்டாமலும் குறைக்காமலும் ஏற்பதே பணிவு.

செயலின் ஐந்து காரணங்கள்

ஆனால் ‘என் பங்கு’ எவ்வளவு என்று எப்படி அறிவது? பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இதற்கு வழி காட்டுகிறது. எந்தச் செயல் நிறைவேறுவதற்கும் ஐந்து காரணங்கள் தேவை என்று பகவான் அங்கே அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார்: அதிஷ்டானம், கர்த்தா, கரணம், சேஷ்டை, தெய்வம்.

அதிஷ்டானம் என்பது செயலுக்கு இருப்பிடமாகிய உடல். கர்த்தா என்பது ‘நான் செய்கிறேன்’ என்று எண்ணுபவன். கரணங்கள் என்பவை கண், காது, கை முதலான கருவிகள். சேஷ்டை என்பது பலவகைப்பட்ட இயக்கங்கள். ஐந்தாவதான தெய்வம் என்பதற்கு, கண் முதலிய புலன்களுக்கு அருள்புரியும் சூரியன் முதலான தேவதைகள் என்று ஆதிசங்கரர் பொருள் கூறுகிறார். உள்ளிருந்து இயக்கும் அந்தர்யாமியாகிய பரமாத்மாவையே அது குறிக்கிறது என்பது ஸ்ரீராமானுஜரின் விளக்கம். விளக்கங்கள் வேறுபட்டாலும், மனிதனின் கைக்குள் அடங்காத ஒன்று ஒவ்வொரு செயலிலும் பங்கு கொள்கிறது என்பதை இருவருமே ஏற்கின்றனர்.

நாம் கவனிக்க வேண்டிய நுட்பமான கருத்து ஒன்று இங்கே உள்ளது. நியாயமான செயலுக்கும் அதற்கு மாறான செயலுக்கும் இந்த ஐந்துமே காரணங்கள் என்று கீதை கூறுகிறது. அதாவது, வெற்றிக்கு ஒரு கணக்கும் பிழைக்கு வேறொரு கணக்கும் கிடையாது. பாராட்டு வந்த நாளில் மற்ற நான்கையும் மறந்து ‘நானே செய்தேன்’ என்று மகிழ்ந்தவர், பழி வந்த நாளில் அதே ‘நானே செய்தேன்’ என்பதன் எடையில் நசுங்குகிறார். மகிழ்ச்சிக் காலத்தில் விதைத்ததையே துன்பக் காலத்தில் அறுக்கிறார்.

இப்போது அந்தக் காசாளரின் மேசைக்குத் திரும்புவோம். அங்கே உடல் இருந்தது. அது பசித்தும் களைத்தும் இருந்தது. கண்ணும் விரல்களும் இருந்தன. அவற்றின் திறனுக்கு எல்லை உண்டு. பணத்தை எண்ணுதல், அடையாளச் சான்றைச் சரிபார்த்தல், படிவத்தைப் பெறுதல், வரிசையில் நிற்பவருக்குப் பதில் சொல்லுதல் என்று பல இயக்கங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. அவர் கட்டுப்பாட்டில் இல்லாத சூழ்நிலை ஒன்றும் இருந்தது. இவற்றின் நடுவே ‘நான்’ என்ற கர்த்தாவும் இருந்தார். ஐந்தில் ஒன்றாக இருந்தார். ஒன்றுமே இல்லாதவராக இல்லை.

இது தப்பிக்கும் வழியா?

‘அப்படியானால் ஒவ்வொரு தவறுக்கும் உடலையும் சூழ்நிலையையும் காட்டித் தப்பிவிடலாமே?’ என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதில் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஐந்து காரணங்களில் கர்த்தாவைப் பகவான் விட்டுவிடவில்லை. சூழ்நிலையை மட்டும் குறை கூறுபவர் ஐந்தில் ஒன்றை அழிக்கிறார். தம்மை மட்டும் குறை கூறுபவர் நான்கை அழிக்கிறார். இருவருக்கும் கணக்குத் தவறுகிறது.

மேலும், ஐந்தில் நாம் உடனடியாகத் திருத்தக்கூடியது கர்த்தாவின் பங்கையே. ஒரு கட்டை இருமுறை எண்ணியிருக்கலாமா? களைப்பு மிகுந்தபோது, ‘ஐந்து நிமிடம் எழுந்து வருகிறேன்’ என்று சொல்லியிருக்கலாமா? எழுந்த சந்தேகத்தை அவசரத்தில் அடக்கினோமா? இக்கேள்விகளை நேர்மையாகக் கேட்டு, ‘ஆம்’ என்றால் ஆம் என்று ஒப்புக்கொள்வது சாதனை. அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது தன்னைத் துன்புறுத்துவதாகும்.

அனுமனின் கலக்கம்

தன்னையே பழிப்பதன் அபாயத்தை வால்மீகி முனிவர் சுந்தர காண்டத்தில் ஓர் அற்புதமான கட்டத்தில் காட்டுகிறார்.

நூறு யோஜனை கடலைத் தாண்டினார் அனுமன். இரவெல்லாம் தேடிச் சீதாதேவியைக் கண்டார். அரக்கர்களோடு போரிட்டார், கட்டுண்டார், வாலில் தீ வைக்கப்பட்டார். அந்தத் தீயாலேயே இலங்கையை எரித்துவிட்டுக் கடலில் வாலை அணைத்த பிறகுதான் அவருக்கு ஓர் எண்ணம் எழுந்தது: நகரம் முழுவதும் எரிகிறதே, சீதாதேவி என்ன ஆனாள்?

அவர் நிலைகுலைந்தார். தீ வைக்கச் சொன்னவன் இராவணன் என்று அவர் சாக்குச் சொல்லவில்லை. தம் கோபத்தையே நொந்து கொண்டார். வந்த காரியத்தையே கெடுத்துவிட்டதாகக் கலங்கினார். இராமபிரானின் முகத்திலும் சுக்ரீவனின் முகத்திலும் எப்படி விழிப்பது என்று எண்ணி எண்ணி, நெருப்பில் விழுவதா, கடல்வாழ் உயிர்களுக்கு உடலைக் கொடுப்பதா என்ற எல்லை வரை சென்றுவிட்டார்.

அறிவிலும் ஆற்றலிலும் நிகரற்றவருக்கே இந்தக் கலக்கம் என்றால், சாதாரண மனிதர்களாகிய நமக்கு வருவதில் வியப்பென்ன? அது வருவதே தவறு என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அடுத்து அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். சற்றே நின்று சிந்தித்தார். என் வாலையே சுடாத நெருப்பு, தவமே வடிவான அவளையா சுட்டுவிடும் என்று விவேகம் எழுந்தது. நகரம் எரிந்தும் ஜானகிக்கு ஒரு தீங்கும் இல்லை என்று வானில் சாரணர்கள் பேசிக் கொள்வதும் அவர் காதில் விழுந்தது. அத்துடனும் அவர் நின்றுவிடவில்லை. தாமே சென்று தேவியை நேரில் கண்ட பிறகுதான் திரும்பிச் செல்ல முற்பட்டார்.

நடந்தது என்ன என்று தெரிவதற்கு முன்பே அனுமன் தமக்குத் தண்டனை விதித்துக் கொள்ள முனைந்தார். அந்த முதல் அலையிலேயே அவர் முடிவெடுத்திருந்தால், இராமபிரானுக்குச் செய்தி சொல்ல யார் இருந்திருப்பார்கள்? பழியின் வெப்பத்தில் எடுக்கும் முடிவு எதுவும் முடிவல்ல. மனம் இருண்ட எல்லைகளை நோக்கிச் சென்றால், அன்றே வீட்டாரிடமோ நண்பரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உதவி கேட்பது கோழைத்தனம் அல்ல. அனுமனுக்கும் சாரணர்களின் குரல் தேவைப்பட்டது.

நடைமுறையில் நான்கு படிகள்

முதலாவது, பிழையை மறைக்காமல் உடனே சொல்லுதல். பணம் குறைகிறது என்று அப்போதே சொன்னால் அன்றைய சீட்டுகளைப் புரட்டலாம், கட்டுகளை மீண்டும் எண்ணலாம், வாடிக்கையாளரை அழைத்துக் கேட்கலாம். மறுநாள் சொன்னால் தவறோடு பொய்யும் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, சொல்லும் முறை. நடந்தது என்ன என்பதை முதலில் கூறுங்கள். அதில் உங்கள் பங்கு எது என்பதை அடுத்துக் கூறுங்கள். சூழ்நிலையை இறுதியில் கூறுங்கள். இதே மூன்றையும் தலைகீழாகச் சொன்னால், உண்மைகூடச் சாக்காகவே ஒலிக்கும்.

மூன்றாவது, சுமையைப் பற்றிப் பிழை நேர்வதற்கு முன்பே பேசுதல். ‘வேலை அதிகம்’ என்ற பொதுவான முறையீட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. இன்னின்ன வேலைகள், இத்தனை மணி நேரம், இத்தனை பேர் என்று அளவோடு எழுதிக் கொடுங்கள். ‘இவற்றில் எதை முதலில் முடிக்க வேண்டும், எது தாமதமானால் பரவாயில்லை?’ என்று மேலாளரையே கேளுங்கள். தன்னால் இயலாததை ‘இயலும்’ என்று சொல்வது பணிவு அன்று, அது சத்தியத்திற்கு நேர்ந்த குறை.

நான்காவது, கற்க வேண்டியதைக் கற்றபின் விட்டுவிடுதல். பழியை வீட்டிற்குச் சுமந்து செல்பவர், அதை மனைவி மக்களின் தட்டிலும் பரிமாறிவிடுகிறார்.

அளவும் கர்மயோகமே

பலனை எதிர்பாராமல் உழைப்பதே கர்மயோகம் என்ற உண்மை, சில வேளைகளில் தவறாகக் கையாளப்படுகிறது. ‘எவ்வளவு கொடுத்தாலும் வாய் திறவாமல் செய்’ என்பது அதன் பொருளன்று. அதே கீதையின் ஆறாம் அத்தியாயம், உணவு, உறக்கம், விழிப்பு ஆகியவற்றோடு செயல்களில் ஈடுபடும் முயற்சிக்கும் அளவு வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அத்தகைய அளவுள்ளவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்குவதாக அமைகிறது. உறக்கத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு, சில மாதங்களில் கவனத்தையும் விலையாகக் கேட்கும். பிறகு நேரும் பிழைக்கு யார் பொறுப்பு?

விரல் நீட்டுபவர்களுக்கும் ஒரு சொல்

இதுவரை பழி சுமப்பவர்களோடு பேசினோம். பழி சுமத்தும் இடத்தில் இருப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள். உண்மையில், நம்மில் பலர் காலையில் ஓர் இடத்திலும் மாலையில் மற்றோர் இடத்திலும் இருக்கிறோம். அலுவலகத்தில் குனிந்து நின்றவர் வீட்டில் பிள்ளையை நோக்கி விரல் நீட்டுகிறார்.

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் மாண்டவ்ய முனிவரின் கதை வருகிறது. அவர் மௌன விரதத்தில் இருந்தபோது, திருடர்கள் அவரது ஆசிரமத்தில் ஒளிந்து கொண்டனர். பின்தொடர்ந்து வந்த காவலர்கள் அவரையும் திருடராகக் கருதிக் கைது செய்ய, அரசன் அவரைக் கழுவில் ஏற்றினான். தவ வலிமையால் அவர் உயிர் பிரியவில்லை. உண்மை அறிந்த அரசன் மன்னிப்புக் கேட்டான். பின்னர் முனிவர் தர்மதேவதையிடமே சென்று, தமக்கு இந்தத் தண்டனை ஏன் என்று கேட்டார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதன் பலன் என்று பதில் வந்தது. அறியாப் பருவத்தின் சிறு பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று வெகுண்ட முனிவர், தர்மதேவதையையே மண்ணில் பிறக்குமாறு சபித்தார். தர்மதேவதை விதுரராகப் பிறந்தார். பதினான்கு வயது வரை செய்வது பாவமாகாது என்ற வரம்பையும் முனிவர் அன்று விதித்தார்.

தீர்ப்பு வழங்குபவர் தர்மதேவதையே ஆனாலும், செய்தவரின் நிலையையும் பிழையின் அளவையும் எடைபோடாத தண்டனை அதர்மமாகிவிடும் என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகிறது.

இன்றைய ஆராய்ச்சியாளர்களும் இதையொத்த முடிவுக்கே வந்துள்ளனர். மனிதப் பிழைகளைப் பற்றி 1990-இல் நூல் எழுதிய பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் ஜேம்ஸ் ரீசன், கண்ணுக்குத் தெரியும் கடைசிப் பிழைக்குப் பின்னால், அமைப்புக்குள் நெடுநாட்களாக மறைந்து கிடக்கும் குறைகள் உண்டு என்று காட்டினார். ஆள் பற்றாக்குறையும் ஓய்வின்மையும் அத்தகைய குறைகளே. கடைசியில் தொட்டவரை மட்டும் தண்டித்தால், குறைகள் அங்கேயே தங்கி அடுத்தவருக்காகக் காத்திருக்கும். தண்டனைக்கு அஞ்சுபவர்கள் அடுத்த பிழையை மறைக்கவும் கற்றுக் கொள்வார்கள்.

ஆகவே, ‘யார் செய்தது?’ என்று கேட்பதற்கு முன் ‘எப்படி நேர்ந்தது?’ என்று கேட்போம். கண்டிப்பதைத் தனியறையிலும், பாராட்டுவதைப் பலர் முன்னிலையிலும் செய்வோம். சுமையைக் கொடுத்தவரின் பங்கும் அந்த ஐந்து காரணங்களுக்குள் எங்கோ இருக்கிறது என்பதை நினைவில் கொள்வோம்.

இரவில் ஓர் அர்ப்பணம்

உறங்கப் போகுமுன் ஐந்து நிமிடம் அமர்ந்து, அன்றைய நாளை இறைவன் திருமுன் விரித்து வையுங்கள். நன்றாக முடிந்ததைச் சொல்லுங்கள்; பிழைத்ததையும் சொல்லுங்கள். ‘இறைவா, இதில் என் பங்கு இவ்வளவு, நாளை இதைத் திருத்த முயல்வேன். மற்றவை உன் திருவடியில்’ என்று ஒப்படையுங்கள். மேலதிகாரிக்குத் தெரியாத உங்கள் உழைப்பை அவன் அறிவான். பிறர் பெரிதாக்கிய பிழையின் உண்மையான அளவையும் அவன் அறிவான். அவனிடம் ஒன்றைக் கூட்டியும் சொல்ல வேண்டியதில்லை, குறைத்தும் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு நாள்தோறும் கணக்கை முடிப்பவருக்குப் பழி வராமல் போய்விடாது. வரும், சுடவும் செய்யும். ஆனால் தம் பங்கு எது என்று தெரிந்தவர், அதைத் திருத்திக் கொண்டு மறுநாள் காலை அதே மேசைக்குத் தலை நிமிர்ந்து செல்வார். அந்தத் தெளிவையும் திடத்தையும் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!